கையில் அடங்குமா, உப்புக்காற்றில் தாங்குமா: .32 பிஸ்டல் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருக்கும் என் மச்சானுக்கு ஒருவழியாகத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்தது. கிடைத்த மறுநாளே கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார். கையில் போன், போனில் ஒரு படம். "மாமா, இதான் வாங்கப்போறேன். கிளாக் 19. காம்பேக்ட்னாலே இதானாமே."

நான் 17 வருடம் ராணுவத்தில் இருந்தவன். அதில் பெரும்பகுதி ஆர்மரர் வேலை, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துப் பராமரிப்பது. துப்பாக்கி சுட்டதைவிடக் கழற்றித் துடைத்ததுதான் அதிகம். அதனால் சொந்தத்தில் யாருக்கு இந்த ஆசை வந்தாலும் என்னிடம் வந்துதான் நிற்பார்கள். பாதிப் பேரிடம் "உனக்கெதுக்குய்யா துப்பாக்கி, நல்லதா ஒரு கேமரா மாட்டு" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். மச்சான் சீசன் நேரத்தில் பணப்பையோடு இரவில் வருகிறவர். அதனால் உட்கார வைத்துப் பேசினேன். அன்று அவரிடம் சொன்னதையும், பிறகு கடையில் நாங்கள் இருவரும் பார்த்ததையும் கோர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

படத்தை மூடிவிட்டு லைசென்ஸைப் படியுங்கள்

மச்சான் காட்டிய கிளாக் 19 நல்ல பிஸ்டல்தான், அதில் சந்தேகமில்லை. 1988இல் வந்தது. குழல் 102 மி.மீ. நீளம், மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) 15 ரவுண்டு, அதாவது 15 தோட்டா. காம்பேக்ட் என்றால் உலகம் முழுக்க இதை வைத்துத்தான் மற்றதை அளக்கிறார்கள். ஆனால் அது 9 எம்.எம். நம் நாட்டுச் சட்டத்தில் ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 எம்.எம். தோட்டா போடக்கூடிய பிஸ்டல் தடை செய்யப்பட்ட வகை. பேச்சு வழக்கில் பி.பி. என்பார்கள். அதற்கு மாவட்டத்தில் லைசென்ஸ் தர முடியாது, மத்திய உள்துறை அமைச்சகம்தான் தரவேண்டும். மாவட்டத்தில் கிடைப்பது என்.பி.பி., அதாவது தடை செய்யப்படாத போர் (bore, குழலின் விட்டம்). கைத்துப்பாக்கியில் அது பெரும்பாலும் .32.

இந்த .32இலும் ஒரு குழப்பம் உண்டு. .32 பிஸ்டலுக்கான தோட்டா வேறு, .32 ரிவால்வருக்கான தோட்டா வேறு. பிஸ்டல் தோட்டாவின் கூடு 17 மி.மீ. நீளம், ரிவால்வருடையது 23 மி.மீ. பெட்டியில் இரண்டுக்கும் 7.65 என்றுதான் போட்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் 17, 23 என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

லைசென்ஸில் அடுத்ததாகப் பார்க்க வேண்டியது அது எந்தப் பகுதிக்குள் செல்லும் என்ற வரி. மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு இது முக்கியம். கடலூரிலிருந்து ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் ஏறி, ரெட்டிச்சாவடி கடந்தால் முள்ளோடையில் தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன், வேறு ஆட்சிப்பகுதி, வேறு ஆட்சியர். கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போகிறவர் புதுச்சேரிக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் லைசென்ஸை வைத்துக்கொண்டு பிஸ்டலோடு அந்த பஸ்ஸில் ஏறினால், டீ குடிக்கக்கூட இறங்காமலே நீங்கள் நிபந்தனையை மீறியவர். பாகூர்ப் பக்கத்து ஆள் கடலூருக்கு வந்தாலும் இதே கதைதான். ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் பாட்டில் இருக்கிறதா என்று வண்டியைக் குடைகிறவர்கள் கையில் பிஸ்டல் அகப்பட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, தேவையென்றால் பகுதியை விரிவாக்கிக்கொள்ளுங்கள். வெளியூர்க் கடையில் வாங்கிக் கொண்டுவருவதாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும். எந்தத் தேதிக்குள் வாங்க வேண்டும், எத்தனை ரவுண்டு வைத்திருக்கலாம் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். இன்னொன்று, லைசென்ஸ் உங்கள் பெயருக்குத்தான். நீங்கள் ஊரில் இல்லாதபோது வீட்டுக்காரம்மா எடுத்துப் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கெல்லாம் நடக்காது.

புதுசா, பழசா

வெளிநாட்டுத் துப்பாக்கியைப் பொதுமக்கள் இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுபோனது. விதிவிலக்கு துப்பாக்கி சுடும் வீரர்களுக்குத்தான். ஆகவே இன்று சந்தையில் சுற்றும் வால்தர் பி.பி. (இங்கே பி.பி. மாடல் பெயர், தடை வகை அல்ல), சி.இசட். 83, பெரெட்டா 81 போன்ற .32 பிஸ்டல்கள் எல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்னால் உள்ளே வந்து கைமாறிக் கைமாறி நிற்பவை. வேலைப்பாடு பிரமாதமாக இருக்கும், விலையும் அப்படித்தான். ஆனால் உடைந்த ஸ்பிரிங்குக்கு மாற்று எங்கே கிடைக்கும் என்று கேட்டால் விற்கிறவர் பேச்சை மாற்றுவார்.

புதுசு என்றால் நம் அரசுத் தொழிற்சாலைகளின் அஷானி வரிசை இருக்கிறது. 2021 அக்டோபர் 1இல் ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபின், ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழும், தோட்டாக்கள் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழும் போயின. அனுமதி பெற்ற தனியார் கம்பெனிகளும் .32 தயாரிக்கின்றன. முதல்முறை வாங்குகிறவர் புதுசுதான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. வேலைப்பாட்டில் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கலாம், பரவாயில்லை. பாகம் கிடைக்கும்.

பழசுதான் வேண்டுமென்றால் 45 நாள் பொறுமை வேண்டும். தனிநபர் தன் துப்பாக்கியை விற்பதற்கு முன் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்றலாம். "நீ இன்னிக்கே எடுத்துட்டுப் போ, பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் கிடக்கிறது என்கிறவர்களும் லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் அதை முதலில் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

பையில் என்ன போட்டுக்கொள்ளலாம்

சின்ன டார்ச், வெள்ளைத்தாள் துண்டு ஒன்று, பின்னால் ரப்பர் வைத்த பென்சில், மீன் நிறுக்கும் கொக்கித் தராசு. டம்மி ரவுண்டு (வெடிக்காத போலித் தோட்டா) ஏழெட்டு வேண்டும், டீலரிடமே கேட்கலாம். கொக்கித் தராசைப் பார்த்ததும் மச்சான் சிரித்தார். "துறைமுகத்துக்கா போறோம் மாமா?" சிரிக்கட்டும்.

கையில் வாங்கும் அந்த முதல் நிமிடம்

டீலர் "காலிதான் சார்" என்று சொல்லித்தான் நீட்டுவார். நம்பாதீர்கள். அதற்காக அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அந்தக் கடை வேண்டாம்.

முனை ஆள் இல்லாத சுவர்ப் பக்கம். விரல் டிரிகருக்கு வெளியே, சட்டத்தின் (பிஸ்டலின் உடற்பகுதி) மீது நீட்டியபடி. முதலில் மேகசினை வெளியே எடுங்கள். அதற்கப்புறம்தான் ஸ்லைடை (முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) பின்னால் இழுத்து நிறுத்த வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால், சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) இருந்த ரவுண்டு வெளியே விழும், விட்டவுடன் அடுத்தது உள்ளே ஏறிக்கொள்ளும். ஒன்று விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டதால் காலி என்று நம்பி டிரிகரை அழுத்துவார்கள். பயிற்சி உள்ளவர்களே இதில் கோட்டை விட்டிருக்கிறார்கள். ஸ்லைடு திறந்தபின் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலையும் விட்டுத் தடவிப் பாருங்கள். டீலர் திரும்ப வாங்கி இன்னொரு முறை கொடுத்தால் மறுபடியும் இதையே செய்யுங்கள். அன்று கடையில் இருந்த ஒரு மணி நேரத்தில் மச்சான் இதைப் பதினோரு முறை செய்தார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஸ்லைடு: ஆள் தோற்கும் இடம்

மச்சான் நெல் மூட்டை தூக்கிய கை. முதலில் எடுத்த பளபளப்பான பழைய பிஸ்டலின் ஸ்லைடை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். பாதிவரை வந்து வழுக்கிவிட்டது. மறுபடி இழுத்தார். "இன்னா மாமா இது, துருப்புடிச்சிருக்கா? வரவே மாட்டேங்குது."

துருவெல்லாம் இல்லை. எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. .32 சின்னத் தோட்டா, அதனால் பிஸ்டலும் லேசாக இழுபடும் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் தலைகீழ். இந்தத் தோட்டா ஜான் பிரவுனிங் உருவாக்கியது, 1899இல் பெல்ஜியத்து எஃப்.என். பிஸ்டலோடு வந்தது. அன்றுமுதல் .32 பிஸ்டல்களில் பெரும்பாலானவை புளோபேக் என்ற எளிய முறையில்தான் வேலை செய்கின்றன. குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது. குண்டு குழலைவிட்டு வெளியேறும்வரை சேம்பரை அடைத்துப் பிடித்துக்கொண்டிருப்பது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும்தான். ஆகவே ஸ்பிரிங் வலுவாக இருந்தே தீரவேண்டும். கிளாக் மாதிரி 9 எம்.எம். பிஸ்டலில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னால் போகும், பிறகு குழல் சாய்ந்து பூட்டு விலகும். சுமையைப் பூட்டு தாங்குவதால் ஸ்பிரிங் அவ்வளவு இறுகலாக இருக்க வேண்டியதில்லை. பெரிய தோட்டாவின் ஸ்லைடு லேசாக வருவதும் சின்னத் தோட்டாவினுடையது முரண்டு பிடிப்பதும் இதனால்தான். சுடும்போது புளோபேக் பிஸ்டல் கையில் வெடுக்கென்று உதைப்பதற்கும் இதுவே காரணம்.

இழுக்க ஒரு முறை உண்டு. பிஸ்டலை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, இடது உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின் பின்பகுதி மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்லைடை இழுக்கப் போகாதீர்கள். வலது கையால் பிஸ்டலை முன்னால் தள்ளுங்கள். விட வேண்டிய நேரத்தில் சட்டென்று விட்டுவிடுங்கள், கூடவே கையைக் கொண்டுபோகாதீர்கள். அப்படிச் செய்ததும் மச்சானுக்கு வந்துவிட்டது. சரி, ஒருமுறை வந்தால் போதுமா? நிறுத்தாமல் பத்து தடவை இழுக்கச் சொன்னேன். ஏழாவதில் மூச்சு வாங்கினார். அப்புறம் கையைக் கழுவித் துடைக்காமல் வந்து இழுக்கச் சொன்னேன், டீலர் முகம் சுளித்தார். சித்திரை வெயிலில் நம் ஊரில் கை எப்போதும் அந்த நிலையில்தான் இருக்கும், எதற்காகச் சுளிக்க வேண்டும்? ஈரக் கையில் அந்தப் பளபளப்பு ஸ்லைடு மீனைப் போல நழுவியது. பக்கத்தில் இருந்த, ஸ்லைடில் ஆழமாக வரி வெட்டிய புது பிஸ்டல் நழுவவில்லை. மச்சானின் ஆசை அந்த இடத்தில்தான் திசை மாறியது.

விரல் மூட்டு வலி உள்ளவர், வயதானவர் என்றால் பத்துக்கு மூன்றுகூட வராது. அவர்கள் வீம்பு பிடிக்காமல் ரிவால்வர் பக்கம் போவது நல்லது. இழுக்க ஸ்லைடே கிடையாது. கான்பூரிலிருந்து 2023இல் வந்த பிரபல் என்ற .32 ரிவால்வரில் உருளை பக்கவாட்டில் திறக்கிறது, ரவுண்டு போடவும் எடுக்கவும் வசதி.

பிடியும் டிரிகரும்

காலி என்று மறுபடி உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடி, சுவரில் ஒரு புள்ளியை மனதில் வைத்துக் கையைத் தூக்குங்கள். கண்ணைத் திறந்தால் முன் சைட்டும் பின் சைட்டும் ஏறக்குறைய நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஐந்தாறு முறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் முனை மேலேயோ கீழேயோ போனால் அந்தப் பிடிக்கும் உங்கள் கைக்கும் பொருத்தமில்லை. ஆள்காட்டி விரலின் முதல் கணு வரைக்கும்தான் டிரிகர் மேல் வர வேண்டும். எட்டுவதற்காகக் கையையே திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தாலும் பொருத்தமில்லை. சின்ன பிஸ்டலில் சுண்டுவிரல் கீழே தொங்கும், அது சகஜம். ஆனால் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை ஸ்லைடுக்கு மேலே பிதுங்கினால், சுட்ட முதல் ரவுண்டிலேயே ஸ்லைடு பின்னால் வந்து சீவிவிடும். பழைய வால்தர்கள் இதற்குப் பேர்போனவை.

டிரிகருக்குத்தான் கொக்கித் தராசு. டிரிகரில் ஒரு கயிற்றை மாட்டி நேராக இழுத்தால் எவ்வளவு கிலோவில் விழுகிறது என்று தெரியும். முதல் இழுப்பிலேயே சுத்தியலை (தோட்டாவைக் குத்தும் ஊசியை அடிக்கும் பாகம்) தூக்கி அடிக்கும் டபுள் ஆக்‌ஷனில் ஏறக்குறைய 4.5 முதல் 6 கிலோ வரும். சுத்தியல் ஏற்கெனவே பின்னால் நிற்கும் சிங்கிள் ஆக்‌ஷனில் 2 முதல் 3 கிலோ. பழைய பிஸ்டலில் ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே விழுந்தால் யாரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள். டிரிகர் பூப்போல இருக்கிறது என்று விற்பவர் அதையே பெருமையாகச் சொல்வார். இடுப்பில் வைத்துக்கொண்டு பைக்கில் போகிறவருக்குப் பூப்போன்ற டிரிகர் வேண்டாம்.

பூட்டுகள் நிஜமாகவே பூட்டுகிறதா

சுத்தியலை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, டிரிகரை நன்றாக அழுத்துங்கள். விழக் கூடாது. இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். டிரிகரை விட்டுவிட்டு, விரலை எடுத்துவிட்டு, சேஃப்டியை மட்டும் தள்ளிப் பாருங்கள். தேய்ந்துபோன பிஸ்டலில் அந்த நொடி சுத்தியல் தானாக விழும். ரவுண்டு இருந்தால் அது வெடி. அப்படி ஒன்றை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். வெளியே புதுசு போல் மின்னியது.

அடுத்தது, டிரிகரை அழுத்தி, அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு, ஸ்லைடை முழுக்க இழுத்து விடுங்கள். சுத்தியல் பின்னாலேயே நிற்க வேண்டும். டிரிகரை மெதுவாக விடும்போது ஒரு 'டிக்' சத்தம் வரும், மறுபடி அழுத்தினால்தான் விழ வேண்டும். ஸ்லைடோடு சேர்ந்து சுத்தியலும் விழுந்தால் அந்த பிஸ்டல் தானாகவே அடுக்கடுக்காகச் சுடும் ஆபத்து உண்டு. அப்புறம் ஸ்லைடை அரை சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு டிரிகரை அழுத்துங்கள். முழுதாக மூடாத பிஸ்டலில் சுத்தியல் விழக் கூடாது.

சில பிஸ்டல்கள் மேகசின் இல்லாமல் டிரிகர் வேலையே செய்யாது. அது பழுதல்ல, அமைப்பே அப்படி. காலி மேகசினைப் போட்டுவிட்டுச் சோதியுங்கள். கீழே விழுந்தால் சுடாமல் இருக்க, டிரிகரை அழுத்தும்வரை ஊசியைத் தடுக்கும் அமைப்பு உண்டா என்று கேளுங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் கிடையாது. இல்லையென்றால் சேம்பரைக் காலியாக வைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும். கீழே போட்டுப் பார்த்துச் சோதிக்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள்.

ஊசிக்குப் பென்சில். சுத்தியலை ஏற்றி, முனையை மேலே பிடித்து, ரப்பர் முனை உள்ளே போகும்படி பென்சிலைக் குழலுக்குள் விடுங்கள். டிரிகரை அழுத்தினால் ஊசி ரப்பரைத் தட்டி, பென்சில் துள்ளி வெளியே வரும். சோம்பலாக அசைந்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஊசி முனை மழுங்கியிருக்கிறது. கடையில் மச்சானின் பென்சில் டீலரின் டீ டம்ளரில் போய் விழுந்தது. ஊசி நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டோம்.

குழல்

கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சேம்பர் பக்கம் வெள்ளைத்தாளை வைத்து அதன் மேல் டார்ச் அடித்து, முனைப் பக்கத்திலிருந்து பாருங்கள். குழலுக்குள் வெட்டிய சுழல் வரிகள் கூர்மையாக, கடைசிவரை ஒரே சீராகத் தெரிய வேண்டும். மிளகுத்தூள் தூவிய மாதிரி புள்ளிகள் இருந்தால் அது துரு தின்ற இடம். கொஞ்சம் இருந்தால் விலையைக் குறைக்கலாம், நிறைய இருந்தால் விட்டுவிடலாம். ஓரிடத்தில் மட்டும் மோதிரம் போல் கறுப்பு வளையம் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், எடுக்காதீர்கள். முன்னே போன குண்டு உள்ளே சிக்கியிருக்கும்போது அடுத்ததைச் சுட்டதால் குழல் உப்பியிருக்கிறது. அந்த இடத்தில் வெளிப்பக்கம் விரலால் தடவினால் மேடு தட்டுப்படும்.

ஸ்லைடைப் பிடித்து ஆட்டிப் பார்த்து "ஆடுதே" என்று பயப்படத் தேவையில்லை, லேசாக ஆடத்தான் செய்யும். ஆனால் புளோபேக் பிஸ்டலில் சட்டத்தோடு சேர்த்துப் பொருத்திய குழல் இம்மியும் அசையக் கூடாது.

மேகசின்

பிஸ்டல் தகராறு செய்கிறது என்று ரிப்பேருக்கு வந்தவற்றில் எத்தனையோ வெறும் மேகசின் கோளாறு. .32இல் அதற்குக் கூடுதல் காரணம் ஒன்று இருக்கிறது. இந்தத் தோட்டாவின் அடி விளிம்பு, உடம்பைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டது போல் மாட்டிக்கொள்ளும். ஸ்லைடு எவ்வளவு வேகமாக வந்தாலும் மேலே உள்ளது கிளம்பாது. இதைத் தட்டி, இழுத்து நொடியில் சரிசெய்ய முடியாது. மேகசினைக் கழற்றி ரவுண்டுகளைக் குச்சி வைத்துத்தான் நெம்பியெடுக்க வேண்டியிருக்கும். நீளம் குறைவான குண்டு என்றால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் நகர இடம் அதிகம், தொல்லையும் அதிகம். உலோக உறை போட்ட உருண்டை முனைக் குண்டுக்கு அது குறைவு.

அதனால் கடையிலேயே டம்மி ரவுண்டை முழு மேகசினும் நிரப்பி, உள்ளங்கையில் நாலு தட்டு தட்டி, குலுக்கி, அப்புறம் பிஸ்டலில் போட்டு ஒவ்வொன்றாக இழுத்து வெளியேற்றிப் பாருங்கள். எல்லாமே தடையில்லாமல் ஏறி, கிட்டத்தட்ட ஒரே திசையில் விழ வேண்டும். மேகசின் வாயின் இரண்டு உதடும் விரியாமல், வெடிப்பில்லாமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நிரப்பிய மேகசினைப் பொத்தானை அழுத்தினால் தானாகக் கீழே வர வேண்டும், நகத்தால் பிடுங்குகிற மாதிரி இருக்கக் கூடாது. இரண்டாவது மேகசின் தருகிறார்களா என்று விலை பேசும்போதே கேளுங்கள். பழைய வெளிநாட்டு பிஸ்டலுக்கு ஒரே மேகசின்தான் என்றால் என்னைப் பொறுத்தவரை அது அரை பிஸ்டல்.

நம் ஊர் உப்பு

தேவனாம்பட்டினத்துக் காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். வருடா வருடம் பெயின்ட் அடித்தும் உரிகிறது. கோயம்புத்தூரில் இருபது வருடம் அலுங்காமல் இருக்கும் பிஸ்டலுக்குக் கடலூரில் ஒரு ஐப்பசி போதும்.

இதை நான் படித்தது என் சொந்தப் பிழையில். ஓய்வு பெற்று வந்த முதல் வருடம், எல்லாம் தெரிந்தவன் என்ற மிதப்பில், என் பிஸ்டலைத் தோல் உறையோடு பீரோவுக்குள் வைத்துவிட்டு அடைமழை முழுக்க மறந்துபோனேன். தை மாதம் எடுத்துப் பார்த்தால் ஸ்லைடின் இடது பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை, சுழி சுழியாக, துருவிலேயே அச்செடுத்தது போல். கடைசியாக எடுத்து வைத்தபோது வியர்வைக் கையால் தொட்ட இடம். துடைத்ததில் துரு போனது, ரேகை இன்னும் இருக்கிறது. தோல் உறை எடுத்துப்போவதற்குத்தான், வைத்திருப்பதற்கல்ல. தோல் ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே மேற்பூச்சு என்ன என்று கட்டாயம் கேளுங்கள். பழைய நீலக்கறுப்புப் பூச்சு பார்க்க அழகு, கடலோரத்தில் எல்லாவற்றிலும் சோனி அதுதான். சாம்பல் நிறத்துப் பாஸ்பேட் பூச்சு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் எண்ணெய் இருக்கும்வரைதான். நைட்ரைடு செய்ததும் ஸ்டெயின்லெஸும் நமக்கு ஏற்றவை. பிளாஸ்டிக் சட்டம் துருப்பிடிக்காது, உள்ளே இருக்கும் பின்னும் ஸ்பிரிங்கும் மேகசின் தகடும் பிடிக்கும். பழைய பிஸ்டல் என்றால் கைப்பிடித் தகட்டைக் கழற்றச் சொல்லி அடியில் பாருங்கள். முழு வரலாறும் அங்கேதான் எழுதியிருக்கும்.

வீட்டில் மெல்லிய எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். சேம்பரையும் தோட்டாவையும் மட்டும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய் கசிந்து தோட்டாவின் பிரைமருக்குள் (ஊசி குத்தினால் பற்றிக்கொள்ளும் அடிமூடி) இறங்கினால் அது வெடிக்காமல் போகலாம். தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு, தனி இடம். 2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: லாக்கரைத் தரைத்தளத்தில் பதிக்காதீர்கள்.

சுட்டுப் பார்ப்பது

கடையில் சுட்டுப் பார்க்க முடியாது. முடிந்தால் வாங்குவதற்கு முன்பே அனுமதி பெற்ற சுடுதளத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் அதே வகை பிஸ்டல் ஒன்றைச் சுட்டுப் பழகுங்கள். வாங்கியபின் நம்பி இடுப்பில் வைப்பதற்கு முன் ஒரு 50 ரவுண்டாவது அதில் போக வேண்டும் என்பது என் கணக்கு. வருட ஒதுக்கீட்டில் அவ்வளவு போனால் வலிக்கத்தான் செய்யும், போகட்டும். எந்த ரவுண்டில் நின்றது, எந்த மேகசினில் நின்றது, எப்படி நின்றது என்று எழுதிவையுங்கள். காலிக் கூடு புகைபோக்கி மாதிரி செங்குத்தாகச் சிக்கினால் முதலில் உங்கள் மணிக்கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பிஸ்டலைக் குறைசொல்வது அப்புறம். பிரைமரில் ஊசித்தடம் லேசாக விழுந்து வெடிக்காமல் இருந்தால் வேறு தோட்டாப் பெட்டி ஒன்றை முயன்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

முந்திரித் தோப்பில் யாரும் இல்லாத மதியத்தில் ஒன்றிரண்டு சுட்டுப் பார்க்கலாமா என்று மச்சான் கேட்டார். கூடாது. கல்யாணத்திலும் கூடாது. மற்றவர் உயிருக்கு ஆபத்தாகும்படி கொண்டாட்டத்தில் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தத்தில் தனியாகவே எழுதிவிட்டார்கள்.

எண், பில், பதிவு

பணம் கொடுப்பதற்கு முன் பிஸ்டலில் பொறித்த எண்ணை நீங்களே வாய்விட்டுப் படியுங்கள், பில்லோடு ஒத்துப்பாருங்கள். குழலிலும் ஸ்லைடிலும் சட்டத்திலும் எண் இருந்தால் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணைத் தேய்த்திருந்தால், வைத்திருப்பவர்தான் தேய்த்தார் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது. வாங்கியபின் உரிய நாளுக்குள் பிஸ்டலைக் காட்டி லைசென்ஸில் எண்ணை ஏற்றிக்கொள்ளுங்கள்.

மச்சான் முதல் நாள் எதையும் வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, அந்த வரி வெட்டிய ஸ்லைடு பிஸ்டலை இரண்டு மேகசினோடு எடுத்தார். எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, தேர்தல் அறிவித்துவிட்டார்கள், துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து போன். ஒப்படைத்தால் திரும்பி வர மாதக் கணக்கில் ஆகும், அதுவரை யாரும் துடைக்கப்போவதில்லை. எண்ணெய் போட்டு, தோல் உறை இல்லாமல், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுக்க வேண்டும். ரசீதில் பிஸ்டல் எண், மேகசின் எத்தனை, ரவுண்டு எத்தனை எல்லாம் இருக்க வேண்டும். திரும்ப வாங்கும்போது அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். இதைச் சொல்வதற்காக மச்சானுக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"மாமா, உங்கிட்ட அந்த எண்ணெய் பாட்டில் மீதி இருக்கா? வர்ற வழியில ரெட்டிச்சாவடிப் பக்கமெல்லாம் போகல, நேரா பாலூர் ரோட்டுலதான் வர்றேன்."